37 கோடி டாலர் வசூலித்த தோல்வி

திரைப்பட ரசிகர்களில் ஒரு வகையினர் உண்டு. வார இறுதி முடிந்ததும் எந்தப் படம் எவ்வளவு வசூலித்தது என்ற பட்டியலைத் தேடிப் படிப்பவர்கள். அந்தப் படங்களில் அவர்களுக்கு ஒரு காசு முதலீடு கிடையாது. தயாரிப்பாளர் தூரத்து உறவுகூட இல்லை. ஆனாலும் ஒரு படம் இரண்டாவது வாரத்தில் பாதிக்கு மேல் சரிந்துவிட்டது என்று தெரிந்தால் அன்றைக்கு அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். இலக்கியம் பேசும் நண்பர்களிடையே இதைச் சொல்லும்போது ஒரு புன்சிரிப்பு எழும். கலைக்கும் கல்லாப்பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி அந்தச் சிரிப்புக்குள் இருக்கிறது. நியாயமான கேள்விதான். அதற்கு நான் வைத்திருக்கும் பதில் ஒரு படம். 2007 டிசம்பரில் வெளியான 'த கோல்டன் காம்பஸ்'.

முதலில் இரண்டு எண்கள். படத்தின் தயாரிப்புச் செலவு 18 கோடி டாலர். உலகம் முழுக்க அது வசூலித்தது சுமார் 37.2 கோடி டாலர். நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால்கூடக் கழித்துப் பார்த்து லாபம் என்று சொல்லிவிடும். ஆனால் இந்தப் படம் தோல்விப் படம் என்றே வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. மூன்று பாகங்களாக வரவேண்டிய கதை முதல் பாகத்தோடு நின்றது. அதைத் தயாரித்த நியூ லைன் சினிமா என்ற நாற்பதாண்டு நிறுவனம் அடுத்த மூன்று மாதங்களுக்குள் தன் தனி இருப்பை இழந்தது. லாபத்துக்கும் இந்த முடிவுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதை அறிந்துகொள்ள நான் செலவிட்ட நேரத்தில் இரண்டு ருஷ்ய நாவல்களை வாசித்து முடித்திருக்கலாம். அந்த நேரம் வீணாகவில்லை என்றே நினைக்கிறேன்.

கதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பிலிப் புல்மன் எழுதிய 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' என்ற மூன்று நாவல்களின் வரிசையில் முதல் நாவல் 'நார்தர்ன் லைட்ஸ்', 1995ல் வந்தது. இரண்டாவது 'த சட்டில் நைஃப்' 1997ல். மூன்றாவது 'தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்' 2000ல். மூன்றாவது நாவல் 2001ஆம் ஆண்டுக்கான விட்பிரெட் விருதுகளில் ஆண்டின் சிறந்த புத்தகமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. சிறுவர் நூல் ஒன்று அந்த முழு விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. வரிசையின் பெயர் மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்திலிருந்து எடுத்தது. 'கோல்டன் காம்பஸ்' என்பதும் மில்டனிடமிருந்து வந்ததே. ஆனால் அங்கே காம்பஸ் என்பது வட்டம் வரையும் கவராயம். அமெரிக்கப் பதிப்பாளர்கள் அதைக் கதையில் வரும் உண்மையறியும் கருவியின் பெயராக எடுத்துக்கொண்டு, முதல் நாவலுக்கே அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். திரைப்படமும் அந்தப் பெயரையே ஏற்றது.

கதையின் உயிர் ஒரே ஒரு கற்பனையில் இருக்கிறது. லைரா என்ற சிறுமி வாழும் உலகில் மனிதனின் ஆன்மா உடலுக்கு வெளியே ஒரு விலங்கு வடிவில் கூடவே நடமாடுகிறது. அதற்கு டீமன் என்று பெயர். சிறுவர்களின் டீமன் நினைத்த உருவெடுக்கும். ஒரு நொடி அந்துப்பூச்சி, மறு நொடி மரநாய், பிறகு காட்டுப்பூனை. வயதுக்கு வந்தபின் ஒரே உருவில் நிலைத்துவிடும். மனிதனும் டீமனும் சில அடிகளுக்கு மேல் பிரிய முடியாது; பிரிந்தால் தாங்கமுடியாத வலி. அந்த உலகை ஆளும் சமய அதிகாரம், குழந்தைகளைக் கடத்திப்போய் வடதுருவப் பனிவெளியில் வைத்து அவர்களையும் டீமன்களையும் வெட்டிப் பிரிக்கிறது. பெரியவர்கள் ஆவதற்கு முன்பே பாவத்தின் வாசலை அடைத்துவிடுவதாக அதற்கு ஒரு தர்க்கமும் வைத்திருக்கிறது. இதை முதல் முறை வாசித்தபோது, குழந்தை வளர்ப்பு என்று நாம் சொல்லிக்கொள்ளும் பலவற்றைப் பற்றி இதைவிடக் கூர்மையான உருவகம் ஒன்றைப் படித்ததில்லை என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

இனி செலவுக்கு வருவோம். எழுத்தாளனுக்கு இந்தக் கற்பனையின் விலை சில சொட்டு மை. புல்மன் ஆக்ஸ்ஃபோர்டில் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் அமர்ந்து நாளொன்றுக்கு மூன்று பக்கங்கள் கையால் எழுதியவர். விருந்து மண்டபத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள் என்று அவர் எழுதினால், ஐம்பது விலங்குகளும் இலவசமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். வாசகனின் மனம் அவற்றுக்குச் சம்பளம் கேட்பதில்லை. திரையில் அப்படியில்லை. தெருவைக் கடந்துபோகும் ஒவ்வொரு மனிதனின் காலடியிலும் தோளிலும் ஒரு பிராணியைக் கணினியில் வரைந்து, அசைத்து, அதன்மேல் வெளிச்சம் விழச்செய்ய வேண்டும். முக்கியப் பாத்திரம் தனியாக ஒரு நாற்காலியில் அமர்ந்திருக்கும் சாதாரணக் காட்சியும் சிறப்புக் காட்சிதான். இந்தக் கதையில் மலிவான காட்சி என்று ஒன்று கிடையாது. போர்க்களத்துக்கு மட்டும் பணத்தைச் சேர்த்துவைத்துவிட்டு மற்ற இடங்களில் சிக்கனம் பிடிக்கலாம் என்ற வழக்கமான உபாயம் இங்கே செல்லாது.

நாடக மேடை இந்தச் சிக்கலை வேறு விதமாக எதிர்கொண்டது. லண்டன் நேஷனல் தியேட்டரில் 2003 இறுதியில் நிக்கோலஸ் ஹைட்னர் இயக்கத்தில் இந்த மூன்று நாவல்களும் இரண்டு பகுதி நாடகமாக அரங்கேறின. டீமன்கள் பொம்மைகள், கறுப்பு உடையணிந்த கலைஞர்கள் அவற்றைப் பார்வையாளர் கண்ணெதிரிலேயே இயக்கினார்கள். நாடகம் பார்ப்பவன் அந்த மனிதனைப் பார்க்காமலிருக்க உடன்பட்டுவிடுகிறான். தெருக்கூத்தில் ஒரு திரைச்சீலையைப் பிடித்தால் அரண்மனை என்று நாம் ஒப்புக்கொள்வதில்லையா, அதுபோல. சினிமா இந்த உடன்படிக்கையைத் தானே கிழித்துப்போட்டுவிட்ட கலை. அது மயிர்க்கால் மயிர்க்காலாக நிரூபித்தாக வேண்டும். நிரூபணத்தின் விலைதான் 18 கோடி டாலரின் பெரும்பகுதி.

இயக்குநரே இந்தச் சுமையைக் கண்டு பின்வாங்கினார் என்பதும் கதையில் ஒரு பகுதி. 'அபவுட் எ பாய்' எடுத்த கிறிஸ் வைட்ஸ் முதலில் ஒப்பந்தமானார். தொழில்நுட்பச் சவால்கள் தன் சக்திக்கு மீறியவை என்று கூறி 2004 டிசம்பரில் விலகினார். அடுத்து வந்த ஆனந்த் டக்கர் கருத்து வேறுபாட்டால் 2006ல் வெளியேற, வைட்ஸ் திரும்பி வந்தார். பெரிய பட்ஜெட் என்பது பணம் மட்டுமே சம்பந்தப்பட்ட விஷயமன்று. கையெழுத்துப் போடுகிறவர்களின் தூக்கத்தையும் அது எடுத்துக்கொள்கிறது.

இப்போது அந்த மர்மக் கணக்கு. அமெரிக்க ஸ்டூடியோக்களில் நியூ லைன் சற்று வித்தியாசமானது. ராபர்ட் ஷே 1967ல் தொடங்கிய சிறு விநியோக நிறுவனம். 1984ல் 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' கொண்டுவந்த பணத்தில் நிமிர்ந்தது. பிற்பாடு டைம் வார்னர் குழுமத்தின் கீழ் வந்தாலும் சின்ன முதலாளியின் பழக்கங்களை அது விடவில்லை. அவற்றில் ஒன்று, வெளிநாட்டு உரிமைகளைப் படம் எடுப்பதற்கு முன்பே நாடு நாடாக விற்றுவிடுவது. நம் ஊர்ப் படவுலகில் ஏரியா விற்பனை என்றும் அவுட்ரைட் என்றும் சொல்கிறார்களே, ஏறத்தாழ அதே முறை. பிரிட்டனுக்கு ஒருவர், ஜெர்மனிக்கு ஒருவர், ஜப்பானுக்கு ஒருவர் என்று விலை பேசி ஒப்பந்தம் போட்டுவிட்டால், செலவில் பெரும்பங்கு முன்கூட்டியே கைக்கு வந்துவிடும். படம் ஓடாவிட்டால் நஷ்டம் வாங்கியவருக்கு. ஓடினால் லாபமும் வாங்கியவருக்குத்தான்.

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்று படங்களையும் நியூ லைன் இந்த முறையில்தான் எடுத்தது. ஒரே நேரத்தில் மூன்று படங்களை எடுக்கும் பெரும் சூதாட்டத்துக்கு இந்த முன்விற்பனை காப்பாக இருந்தது. அப்போது யாருக்கும் குறை தெரியவில்லை. காரணம், அந்தப் படங்கள் ஒவ்வொன்றும் வட அமெரிக்காவில் மட்டுமே 30 கோடி டாலருக்கு மேல் வசூலித்தன. வெளிநாட்டு வெள்ளம் அடுத்தவர் வயலுக்குப் பாய்ந்தாலும் சொந்தக் கிணறு நிரம்பி வழிந்தது.

'கோல்டன் காம்பஸி'ல் அந்தக் கிணறு வறண்டது. வட அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 2.58 கோடி டாலர். மொத்த ஓட்டத்திலும் 7 கோடி டாலர்தான். திரையரங்குகளின் பங்கு போனால் தயாரிப்பாளருக்கு வருவது பொதுவாக அதில் பாதியளவே. மீதமிருந்த 30 கோடி டாலருக்கு மேற்பட்ட வசூல் முழுவதும் வெளிநாடுகளில் வந்தது. அந்த நாடுகளை நியூ லைன் ஏற்கெனவே விற்றிருந்தது. உலகம் படத்தைப் பார்த்தது, டிக்கெட் வாங்கியது, காசும் கொடுத்தது. அந்தக் காசு அடுத்த பாகத்தை எடுக்க வேண்டியவரின் கைக்குப் போகவில்லை. வேலிக்கு அப்பால் சாய்ந்து காய்த்த மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவனின் நிலை.

ஒப்பீட்டுக்கு ஒன்று. இரண்டாண்டுகளுக்கு முன், 2005ல், டிஸ்னி வெளியிட்ட நார்னியாப் படத்துக்கும் செலவு இதே 18 கோடி டாலர். அது வட அமெரிக்காவில் 29 கோடியும் உலக அளவில் ஏறத்தாழ 74.5 கோடியும் வசூலித்தது. நார்னியாக் கதைகளைக் கடுமையாக விமர்சித்து 1998லேயே கட்டுரை எழுதியவர் புல்மன் என்பதை நினைத்துக்கொண்டால், விதிக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் படம் ஏன் ஓடவில்லை? வெளியாவதற்கு முன்பே கத்தோலிக்க லீக் என்ற அமைப்பு புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தது. படத்தைப் பார்க்கும் குழந்தைகள் புத்தகத்தைக் கேட்பார்கள், புத்தகம் நாத்திகத்துக்கு இட்டுச்செல்லும் என்பது அவர்கள் வாதம். இதற்கு அஞ்சிய ஸ்டூடியோ ஏற்கெனவே கதையின் சமயக் கூர்மையை மழுக்கியிருந்தது. திரையில் மாஜிஸ்டீரியம் என்பது ஏதோ ஒரு பொதுவான சர்வாதிகார அமைப்பாகத் தெரிகிறதே ஒழிய, புத்தகத்தில் உள்ள திருச்சபையாகத் தெரிவதில்லை. விளைவு, இரண்டும் கெட்டான். எதிர்த்தவர்கள் எதிர்ப்பை விடவில்லை. பிரிட்டனின் நேஷனல் செக்யூலர் சொசைட்டி போன்ற மறுதரப்பினரோ, கதையின் முதுகெலும்பை உருவிவிட்டார்கள் என்று குறைப்பட்டார்கள். புறக்கணிப்பு எவ்வளவு டாலரைக் குறைத்தது என்று அளக்க வழியில்லை. ஆனால் அந்த அச்சம் படத்தின் உள்ளே என்ன செய்தது என்பதைப் படத்திலேயே பார்க்க முடியும்.

அதைவிடப் பெரிய வெட்டு இறுதியில் விழுந்தது. நாவலின் கடைசி மூன்று அத்தியாயங்கள் படமாக்கப்பட்டிருந்தன. லைரா தன் தோழனை மீட்டு, தந்தையைத் தேடிச்சென்று, தான் கொண்டுபோய்ச் சேர்த்தது உதவியன்று, பலி என்று உணரும் இடம். ஒரு குழந்தையின் மரணத்தால் வானத்தில் ஒரு வாசல் திறக்கும் இடம். அந்தப் பகுதியின் சில துண்டுகள் முன்னோட்டங்களில்கூட வந்தன. ஆனால் முடிவு சோகமாக இருக்கிறது, அடுத்த படத்தின் தொடக்கத்தில் வைத்துக்கொள்வோம் என்று அதை எடுத்துவிட்டார்கள். படம் ஒரு பலூனில், நம்பிக்கையோடு, வடக்கு நோக்கிப் பறந்தபடி முடிகிறது. கரடிகளின் சண்டையும் குழந்தைகளை மீட்பதும் புத்தகத்தில் உள்ள வரிசை மாறி, இடம் மாற்றி வைக்கப்பட்டன. அடுத்த படம் வரும் என்ற நம்பிக்கையில் இந்தப் படத்தின் இதயத்தை எடுத்து அடகு வைத்தார்கள். அடகுக் கடை மூடப்பட்டுவிட்டது.

நான் இந்தப் படத்தைப் பார்த்தது 2008ல், டிவிடியில், அக்காள் மகளோடு. அவளுக்கு அப்போது பதினொரு வயது, லைராவின் வயது. ஆங்கில நாவல்களை வாசிக்குமளவுக்கு அவளுக்கு அப்போது மொழிப் பழக்கமில்லை. பலூன் பறந்துபோய்ப் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் "அப்புறம் என்ன ஆச்சு மாமா?" என்றாள். எனக்குக் கதை தெரியும். சொல்ல வாயெடுத்தேன். "வேண்டாம், நீங்க சொல்லாதீங்க. அடுத்த படத்துலயே பாத்துக்கறேன்" என்று தடுத்துவிட்டாள். அந்த வாரமே நான் செய்திகளைத் துழாவிப் படித்துவிட்டேன். அடுத்த படம் வருவதற்கான அறிகுறி எதுவுமில்லை. அவளிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. அடுத்த இரண்டு கோடை விடுமுறைகளிலும் வந்தவுடன் கேட்டாள். மூன்றாவது கோடையில் கேட்கவில்லை. வசூல் கணக்கில் எனக்கு ஏன் அக்கறை என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்ல நினைப்பது அந்த மூன்றாவது கோடையைத்தான். ஒரு படம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி வசூலுக்கு இல்லை. ஆனால் கதை தொடருமா நிற்குமா என்ற தீர்ப்பை அது சொல்லிவிடுகிறது. அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

குழந்தைகளைப் பாத்திரங்களாகக் கொண்ட படத்துக்குக் காலமும் ஒரு செலவு. லைராவாக நடித்த டகோட்டா ப்ளூ ரிச்சர்ட்ஸ் ஏறக்குறைய பத்தாயிரம் சிறுமிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவருடைய பிடிவாதமான முகவாயும், பொய் சொல்லும்போது மட்டும் தெளிந்துவிடும் கண்களும் புத்தகத்து லைராவேதான். ஆனால் பதின்மூன்று வயதுப் பெண் அடுத்த முதலீட்டாளருக்காகக் காத்திருந்து பதின்மூன்றிலேயே நிற்க மாட்டாள். 2009க்குள் அடுத்த படம் தொடங்கியிருக்காவிட்டால் அந்த லைரா இனி இல்லை. டீமன் ஒரே உருவில் நிலைத்துவிடுவதைப் போல ஒரு வாசல் அங்கே சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. 2008 பிப்ரவரி 24ஆம் தேதி ஆஸ்கர் விழாவில் சிறந்த காட்சி விளைவுகளுக்கான விருதை 'கோல்டன் காம்பஸ்' பெற்றது. 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' படத்தையும் 'பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்' மூன்றாம் பாகத்தையும் தோற்கடித்து வாங்கிய விருது. சரியாக நான்கு நாட்கள் கழித்து, 28ஆம் தேதி, நியூ லைன் நிறுவனம் வார்னர் பிரதர்ஸுக்குள் கரைக்கப்படும் என்று டைம் வார்னர் அறிவித்தது. ராபர்ட் ஷேயும் அவருடைய கூட்டாளி மைக்கேல் லின்னும் வெளியேறினார்கள். செலவு செய்த இடத்தில் செலவு வீணாகவில்லை என்று திரையுலகமே எழுந்து நின்று சான்றளித்த அதே வாரத்தில், செலவு செய்தவனின் கடை சாத்தப்பட்டது.

அந்த விருதை வாங்கியவர்களில் ஒருவர் பில் வெஸ்டன்ஹோஃபர். டீமன்களை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹ்யூஸ் என்ற நிறுவனத்தைச் சேர்ந்தவர். பனிக்கரடிகளை உருவாக்கியது லண்டனின் ஃப்ரேம்ஸ்டோர். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2013 பிப்ரவரியில், 'லைஃப் ஆஃப் பை' படத்தின் புலிக்காக வெஸ்டன்ஹோஃபர் மறுபடி ஆஸ்கர் மேடை ஏறினார். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான் ரிதம் அண்ட் ஹ்யூஸ் திவால் மனு கொடுத்திருந்தது. தன் நிறுவனத்தின் நிலையைப் பற்றி அவர் பேசத் தொடங்கியபோது இசையை ஒலிக்கவிட்டு ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்கள். அரங்குக்கு வெளியே காட்சி விளைவுக் கலைஞர்கள் போராட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளைகள் வைத்திருந்த நிறுவனம் அது. அந்த விலங்குகளின் ரோமத்தில் நம் நாட்டுக் கைகளின் உழைப்பும் கலந்திருந்திருக்கும்.

ரசிகனாக எனக்குச் சங்கடமான பகுதி இது. இந்த நிறுவனங்கள் பெரும்பாலும் மொத்த விலைக்கு வேலையை ஒப்புக்கொள்கின்றன. கரடியின் நடையை மாற்று, முடிவைத் தூக்கு, வேறு முடிவைச் செய் என்று ஸ்டூடியோ மனம் மாறும்போது கூடுதல் உழைப்பின் சுமை பெரும்பாலும் செய்பவர் தலையில் விழுகிறது. வெவ்வேறு நாடுகள் தரும் வரிச்சலுகையைத் துரத்தி வேலை ஊர் ஊராக இடம்பெயர்கிறது; கலைஞர்களும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடவேண்டியிருக்கிறது. 18 கோடி டாலர் என்று படிக்கும்போது அது ஏதோ ஊதாரித்தனம்போலத் தோன்றுகிறது. உண்மையில் அந்த எண்ணுக்குள் அடங்காத செலவும் இருக்கிறது. அதை யாரோ தங்கள் இரவுகளால் செலுத்தியிருக்கிறார்கள்.

செலவு குறைவாக இருந்திருந்தால் கதை பிழைத்திருக்குமா என்றும் யோசித்திருக்கிறேன். இதே கிறிஸ் வைட்ஸ் 2009ல் 'நியூ மூன்' படத்தை இயக்கினார். ட்விலைட் வரிசையில் இரண்டாவது; அதுவும் மாயக்கதைதான். செலவு சுமார் 5 கோடி டாலர். உலக வசூல் ஏறத்தாழ 70 கோடி. இயக்குநர் ஒருவரே. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான செலவில் கிட்டத்தட்ட இரு மடங்கு வருமானம். அங்கே ஓநாய்கள் சில காட்சிகளில் வந்துபோனால் போதும். மற்ற நேரத்தில் இரண்டு பேர் காட்டில் நின்று பேசிக்கொண்டிருக்கலாம். புல்மனின் உலகில் இரண்டு பேர் நின்று பேசினால் நான்கு உயிர்கள் நிற்கின்றன. அதைக் குறைத்தால் கதை குறைந்துவிடும். சில கற்பனைகள் பிறவியிலேயே செலவாளிகள்; அவற்றின் மேல் குற்றமில்லை.

முடிவில் இந்தக் கதை திரையில் முழுமையடையத்தான் செய்தது. 2019 நவம்பரில் பிபிசியும் ஹெச்பிஓவும் தொலைக்காட்சித் தொடராகத் தொடங்கி, மூன்று பருவங்களில், 23 பகுதிகளில், 2022 டிசம்பரில் கடைசி நாவல்வரை சொல்லி முடித்தன. ஜாக் தார்ன் எழுதியது. வேல்ஸில் கார்டிஃப் நகரின் படப்பிடிப்புத் தளங்களில் உருவானது. டாஃப்னி கீன் லைராவாகவும் ரூத் வில்சன் மிஸஸ் கூல்ட்டராகவும் நடித்தார்கள். பேட் வுல்ஃப் நிறுவனத்தோடு சேர்ந்து அதைத் தயாரித்தது யார் தெரியுமா? வார்னருக்குள் பெயரளவில் எஞ்சியிருந்த நியூ லைன். உரிமை அங்கேயே அல்லவா உறங்கிக்கொண்டிருந்தது!

தொடரின் முதல் பருவம் வந்தபோது ரசிகர்கள் எழுப்பிய முதல் குறை, டீமன்கள் போதுமான அளவு கண்ணில் படவில்லை என்பது. கூட்டக் காட்சிகளில் மனிதர்கள் தனியாக நிற்கிறார்கள் என்றார்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் தொழில்நுட்பம் எவ்வளவோ வளர்ந்தும் அதே பழைய கணக்கு தீரவில்லை என்று நான் புரிந்துகொண்டேன். ஆனால் தொலைக்காட்சிக்கு வேறு ஒரு வசதி உண்டு. ஒரு வெள்ளிக்கிழமையின் வசூல் அதன் தலையெழுத்தை எழுதுவதில்லை. கடைசி மூன்று அத்தியாயங்களை வெட்டாமல் எடுக்க அதற்குத் துணிவு இருந்தது. மூன்றாம் நாவலில் வரும் இறந்தவர்களின் உலகத்தையும், அதைவிடக் கடினமான அந்தக் கடைசிப் பிரிவையும் அது தவிர்க்கவில்லை. வேறு ஊரில் வேலை பார்க்கும் அக்காள் மகள் அதை நான் சொல்லாமலே பார்த்திருந்தாள். இருபத்தைந்து வயதில் பார்த்த முடிவு. நன்றாக இருந்தது என்றாள். பதினொரு வயதில் பார்த்திருக்க வேண்டும் என்றும் சொன்னாள். அவள் சொன்ன இரண்டாவது வாக்கியத்தின் விலையை எந்த வசூல் பட்டியலிலும் நான் கண்டதில்லை.

இதற்கிடையே புல்மன் தன் கொட்டகைக் காலத்து உலகத்துக்குத் திரும்பி 'த புக் ஆஃப் டஸ்ட்' என்ற புதிய வரிசையைத் தொடங்கினார். 2017, 2019, பிறகு 2025 அக்டோபரில் வந்த 'த ரோஸ் ஃபீல்ட்' என மூன்று நூல்கள். நடுவில் ஆறாண்டுகள் வாசகர்கள் காத்திருந்தார்கள். ஆனால் அந்தக் காத்திருப்பில் வேறு விதமான நிம்மதி இருந்தது. எழுதுகிறவர் எழுதிக்கொண்டிருக்கிறார், முடியும்போது வரும். நடுவில் எந்த வார இறுதியும் இல்லை. நாவலையும் சினிமாவையும் ஒப்பிட்டு எது உயர்ந்தது என்று பேசும் பழைய பட்டிமன்றத்தில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒரு கதையை ஆயிரம் பேர் சேர்ந்து சொல்வதற்கும் ஒருவர் தனியாகச் சொல்வதற்கும் இடையே உள்ள வேறுபாட்டில், பணம் வகிக்கும் இடத்தைப் பேசாமல் அழகியலை மட்டும் பேசுவது பாதிப் பேச்சுதான்.

வெட்டுப்பட்ட படம் என்றாலும் 'கோல்டன் காம்பஸி'ன் மேல் எனக்குள்ள பிரியம் குறையவில்லை. நிக்கோல் கிட்மனின் மிஸஸ் கூல்ட்டர் தன் பொன்னிறக் குரங்கை அறைந்துவிட்டு உடனே அணைத்துக்கொள்ளும் அந்தக் கணம், தன் ஆன்மாவையே அடிக்கிற பெண்ணை எந்த வசனமும் இன்றிக் காட்டிவிடுகிறது. இயன் மெக்கெல்லன் குரலில் பேசும் கரடி யோரெக், தன் கவசத்தைத் திரும்பப் பெறும் காட்சியில் அந்த 18 கோடியும் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கமாட்டார்கள். படத்தை இனிமேல் பார்க்கப்போகிற நண்பர்களுக்கு ஒரு சிறிய யோசனை மட்டும். பலூன் பறக்கத் தொடங்கியதும் படத்தை நிறுத்திவிட்டு, 'நார்தர்ன் லைட்ஸ்' நாவலை எடுத்துக் கடைசி மூன்று அத்தியாயங்களை வாசியுங்கள். ஸ்டூடியோ வெட்டி எடுத்ததை அங்கே யாரும் தொடவில்லை. அரோராவின் ஒளி, பனி, அந்தச் சிறுவன், திறக்கும் வானம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. வீட்டில் பதினொரு வயதில் யாராவது இருந்தால் சத்தமாகவே வாசிக்கலாம்.